‘ரெண்டு லட்சத்தை எங்கடே வச்ச?’

குற்றாலத்தில் சாரல் அடித்தால் ஊருக்கே குளுகுளு. எங்களை மாதிரி லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு மட்டும் லேசான ஜுரம்! ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று விரல் விட்டு எண்ணுகிற மாதங்களில் சம்பாதித்தால்தான் உண்டு. அப்புறம் கார்த்திகை பிறந்து சபரிமலை சாமிகள் வந்தால் கொஞ்சம் ஓடும். மற்ற நாளெல்லாம் மொட்டை மாடியில் காயும் பெட்ஷீட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஐந்தருவி ரோட்டில் எங்கள் லாட்ஜ். ‘லாட்ஜ்’ என்றதும் லிஃப்ட், ரிசப்ஷன் என்று கற்பனை பண்ண வேண்டாம். மொத்தமே எட்டு ரூம். அப்பா கட்டியது. அவருடைய கணக்கு முறை அலாதியானது. சட்டைப் பையில் இருந்தால் லாட்ஜ் பணம், வேட்டி மடியில் இருந்தால் வீட்டுப் பணம். கூடவே ஒரு பாக்கெட் டைரி. அதில் ‘பினாயில் 60’, ‘எலக்ட்ரீஷியன் வந்தான்’, ‘எலக்ட்ரீஷியன் சரியில்லை’ என்கிற ரீதியில் குறிப்புகள். 2018 தொடக்கத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். மதுரையில் இருக்கும் அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று உயில். நடத்துகிற பொறுப்பு என் தலையில்.

அந்த வருஷ ஜூலையில் நல்ல தண்ணீர். மெயின் அருவியில் ஆரவாரம், ரோட்டில் வேன் வரிசை, சனி ஞாயிறுகளில் ரூம் கேட்டு வந்தவர்களை விரட்டாத குறை. 31-ம் தேதி ராத்திரி டிராயரில் விழுந்த பணம், பேங்கில் விழுந்த பணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 2,10,000! சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அக்காவுக்கு போன் போட்டு, “இந்த மாசம் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் கலெக்‌ஷன்க்கா!” என்று பெருமை அடித்தேன்.

அங்கேதான் பிடித்தது சனி.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அக்காவும் அத்தானும் குளிக்க வந்தார்கள். ஐந்தருவியில் குளித்து, பார்டர் பரோட்டா சாப்பிட்டு, நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான் எல்லாம் வாங்கி முடித்த பிறகு ஒரு கவரை நீட்டினேன். அக்கா பிரித்தாள். ஐயாயிரம் ரூபாய்.

“என்னடே இது... அட்வான்ஸா?”

“இல்லக்கா, ஜூலை மாசத்து உன் பங்கு.”

அத்தான் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் அவள் பென்சிலைத் திருடியபோது பார்த்த அதே பார்வை!

“ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்னு சொன்னியே. பாதி போட்டாலும் லட்சத்து அஞ்சாயிரம். மிச்சத்தை எங்கடே வச்ச?”

எங்கே வைத்தேன்? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. 31-ம் தேதி கையில் இருந்தது 11,400. அதில்தான் இந்த ஐயாயிரம். “செலவாகிடுச்சுக்கா” என்றேன். உலகத்திலேயே நம்ப முடியாத பதில் அதுதான் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அக்கா கவரை டேபிள் மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். வழக்கமாக பஸ் ஏறும்போது என் பையன் கையில் நூறு ரூபாய் திணிப்பாள். அன்றைக்கு அதுவும் இல்லை.

அன்று ராத்திரி என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அக்கா கேட்டதுல என்ன தப்பு? எனக்கும்தான் தெரியலை, எங்க போச்சுன்னு!”

மறுநாளே தென்காசிக்கு ஓடினேன். காசி விஸ்வநாதர் கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு அண்ணாச்சி உண்டு. பலசரக்கு மொத்தக் கடையில் ஆயுசு பூரா கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். பில், சீட்டு, அப்பா டைரி, பேங்க் பாஸ்புக், டிராயரில் கிடந்த ஆட்டோக்காரர் விசிட்டிங் கார்டு உட்பட எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். அந்தக் கோபுர வாசல் காற்று தெரியுமல்லவா? ஆளையே பிடித்துத் தள்ளும். லாண்டரி பில் ரெண்டு பறந்து, அதைத் துரத்திப் பிடித்து, வேர்க்க விறுவிறுக்க அவர் முன்னால் கொட்டினேன்.

அண்ணாச்சி பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கணக்கு கொண்டாரச் சொன்னா, குப்பையை கொண்டாந்திருக்கீரே வே!”

பிறகு நீள நோட்டு ஒன்றை எடுத்தார். பிள்ளையார் சுழி. ‘2018 ஜூலை’ என்று தலைப்பு. “முதல்ல இதைச் சொல்லும். ஜூலை 1-ம் தேதி காலையில கையில என்ன இருந்தது?”

தெரியாது என்றேன். பாஸ்புக்கையும் அப்பா டைரி மாதிரியே நான் கிறுக்கி வைத்திருந்த டைரியையும் குடைந்து அவரே கண்டுபிடித்தார். 5,400. “இதான் ஆரம்ப இருப்பு. இது இல்லாம மாசக் கணக்கு எழுதுறது, மீட்டர் பாக்காம ஆட்டோ ஏறின மாதிரி.”

அடுத்து அந்தப் பெருமைக்குரிய ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒவ்வொரு தொகையாக ‘இது யார் கொடுத்தது, எதுக்குக் கொடுத்தது’ என்று கேட்கக் கேட்க, என் பலூனில் காற்று இறங்கியது.

அதில் 30,000, என் மனைவியின் ரெண்டு பவுன் செயினை அடகு வைத்து நான் டிராயரில் போட்டது! சீசனுக்கு முன் மெத்தை மாற்றப் பணம் போதவில்லை, அதனால் வைத்தேன். டிராயரில் விழுந்ததெல்லாம் கலெக்‌ஷன் என்று எண்ணியதில் இதுவும் சேர்ந்துவிட்டது. “பொண்டாட்டி நகையை அடகு வச்சு அதுல அக்காவுக்குப் பாதி பங்கு கொடுக்கேன்னு சொன்ன முத ஆளு நீர்தான்” என்றார் அண்ணாச்சி. அது வருமானம் அல்ல. லாட்ஜ் எனக்குத் திருப்பித் தர வேண்டிய கடன்.

இன்னொரு 18,000, ஆகஸ்டுக்கு ரூம் கேட்டவர்கள் கொடுத்த அட்வான்ஸ். “ஆள் வந்து தங்கினாத்தானே நீர் சம்பாதிச்சது? அதுவரைக்கும் அது அவங்க பணம். உம்ம டிராயர்ல படுத்திருக்கு, அவ்வளவுதான்.” அண்ணாச்சி சொன்ன வாய் முகூர்த்தம், அதே ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம். கோட்டயத்திலிருந்து புக் பண்ணியிருந்த குடும்பம் பாவம், வர முடியவில்லை. 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். நம் ஊரில் தண்ணீர் அதிகமாகி ‘அருவியில் குளிக்கத் தடை’ என்று போலீஸ் கயிறு கட்டினாலும் இதே கதைதான். தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆள் வராது, அதிகம் வந்தாலும் ஆள் வராது. என்ன தொழிலோ!

ஆக, 2,10,000-ல் இந்த ரெண்டும் போனால் 1,62,000. நான் சோர்ந்து போனதைப் பார்த்து, “இருடே, கூட்டவும் வேண்டியிருக்கு” என்றார். (கோபம் இறங்கினால் ‘வே’ போய் ‘டே’ வந்துவிடும்!) ஜூனிலேயே அட்வான்ஸ் கொடுத்து ஜூலையில் தங்கியவர்கள் 9,000. அது ஜூலைக் கணக்கில்தான் வர வேண்டும். ஒரு வேன்காரர் கூட்டி வந்த கோஷ்டி தங்கிவிட்டுப் போய், பணம் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னது 14,000. பணம் வராவிட்டாலும் வேலை முடிந்துவிட்டது. அதுவும் ஜூலை வருமானம்தான், ‘வர வேண்டிய பாக்கி’ என்ற தலைப்பில். மொத்தம் 1,85,000.

நம் மாதிரி சேவைத் தொழிலில் இதுதான் வினை. பலசரக்குக் கடையில் மூட்டை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். நாம் விற்பது ஒரு ராத்திரித் தூக்கம். விடிந்தால் அடையாளம் இல்லை. 7-ம் நம்பர் ரூமில் 14-ம் தேதி யார் படுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்று அன்றன்றே எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம். லாட்ஜ்காரர் கதை மட்டுமல்ல, வேன் ஓட்டுகிறவர், எண்ணெய் மசாஜ் பண்ணுகிறவர், டியூஷன் எடுக்கிறவர், தையல்காரர் எல்லாருக்கும் இதே கதைதான்.

செலவுப் பக்கம் வந்தோம். ஜூலையில் வெளியே போன பணம் 2,04,000 என்று கணக்கு வந்தது. ஆரம்ப இருப்பு 5,400, வந்தது 2,10,000, போனது 2,04,000, மிச்சம் 11,400. பைசா பிசகாமல் என் டிராயர்! நான் திருடவில்லை என்று ஒரு நோட்டு சொன்னதும், சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதுக்குள்ள அழாதயும். இன்னும் பாதிக்கிணறு இருக்கு” என்றார்.

போனது எல்லாம் ஜூலைச் செலவு அல்லவாம். மெத்தை, வாட்டர் ஹீட்டர் வாங்கியது 60,000. “இதை இந்த ஒரு மாசமா தின்னு தீர்த்துட்டே? அஞ்சு வருஷம் உழைக்கும்னு வையி. அறுபது மாசம். மாசம் ஆயிரம்தான் தேய்மானம். மிச்சம் சொத்து.” கரண்ட் பில் 22,000 கட்டியிருந்தேன். ஆனால் அது மே-ஜூன் பில். நம் ஊரில் ரெண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே பில்! ஜூலை, ஆகஸ்ட் பில் போன வருஷம் 30,000 வந்தது. அதில் பாதி 15,000-ஐ ஜூலைக்கு ஒதுக்கச் சொன்னார். வாட்ச்மேன் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5,000 சம்பள முன்பணம், அது செலவில் வராது, அவர் கணக்கில் பற்று. பேங்க் லோன் தவணை 12,000-ல் வட்டி 7,000 மட்டும்தான் செலவு. அசல் 5,000 கடனைக் குறைக்கிறது.

மூன்று பேர் சம்பளம் 36,000, லாண்டரி 14,000, ரூம் பிடித்துக் கொடுத்த ஆட்டோக்காரர்களுக்கு கமிஷன் 9,000, சோப்பு, பல்பு, பிளம்பர் வகையறா 8,000. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டும் வீட்டு வரி, லைசென்ஸில் ஜூலை பங்கு 2,000. எல்லாம் கூட்டினால் ஜூலையின் நிஜமான செலவு 92,000. லாபம் 93,000.

“அப்போ அக்கா பங்கு 46,500!” என்றேன்.

“அது இருக்கட்டும். இந்த 38,000 என்ன?”

நோட்டில் ஒரே ஒரு தலைப்புதான் மிச்சம் இருந்தது. சீட்டுச் சீட்டாக, ‘வீட்டுக்கு’, ‘வீட்டுக்கு’ என்று நான் எழுதி வைத்தவை. மளிகை ஆயிரத்து இருநூறு, பையனுக்கு சைக்கிள், மச்சினன் கல்யாண மொய், பால்காரர், கேபிள் டி.வி... டிராயரைத் திறந்து எடுத்தது எடுத்ததுதான். நூறும் ஐநூறுமாக, வலிக்கவே இல்லை. கூட்டினால் 38,000. அக்காவுக்கு ஐந்து, எனக்கு முப்பத்தெட்டு!

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்தத் தொகையை எழுதி, பக்கத்தில் ‘சொந்த எடுப்பு’ என்று போட்டார். பிறகு அப்பாவின் பாக்கெட் டைரியைப் புரட்டிக்கொண்டே, “உங்கப்பா சட்டைப் பை, வேட்டி மடின்னு ரெண்டா வச்சிருந்தாருல்லா... எழுதத் தெரியாட்டியும் அவருக்குக் கணக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

இவர் போடும் கணக்கு முறைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறதாம். ஒவ்வொரு நடவடிக்கையையும் ரெண்டு இடத்தில் எழுத வேண்டும். மெத்தை வாங்கினால் ரொக்கம் குறைந்தது ஒரு பக்கம், மெத்தை சேர்ந்தது இன்னொரு பக்கம். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி என்ற பாதிரியார் இதை அச்சுப் புத்தகத்தில் விளக்கி எழுதிவிட்டார். அவருக்கு முன்பே அங்கே வியாபாரிகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நம் பக்கம் செட்டிநாட்டு நகரத்தார்கள் பேரேடும் ஐந்தொகையும் எழுதுவதில் சூரர்கள். 1986-ல் பெங்களூரில் பிறந்த ‘டேலி’ சாஃப்ட்வேர் செய்வதும் இதே காரியம்தான். மின்சாரத்தில் செய்கிறது, அவ்வளவே. எட்டு ரூமுக்கு நீள நோட்டே தாராளம் என்பது என் அபிப்பிராயம்.

அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த ஒரு வித்தையை மட்டும் உங்களுக்கும் சொல்கிறேன். ஆகஸ்ட் கணக்கை நானே எழுதினேன். ரெண்டு பக்கமும் சேரவில்லை, 270 ரூபாய் வித்தியாசம். ராத்திரி ஒரு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டு காலையில் போன் போட்டேன். “ஒன்பதால வகுபடுதா பாரு” என்றார். வகுபட்டது. “அப்போ ஏதோ ஒரு நம்பரை முன்னே பின்னே மாத்தி எழுதியிருக்கே.” தேடினால், லாண்டரி பில் 630-ஐ 360 என்று எழுதியிருக்கிறேன்! அடுத்தடுத்த ரெண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடுமாம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்கே போனேன். வாசலில் அத்தான், “வாங்க மாப்பிள்ளை” என்றார். அந்த ‘மாப்பிள்ளை’யில் சர்க்கரை கம்மி. அக்கா முன்னால் நோட்டை விரித்து, 38,000 இருக்கும் பக்கத்தை முதலில் காட்டினேன். பஸ்ஸில் வரும்போதே எடுத்த முடிவு அது. கடைசியில் காட்டினால் மறைத்த மாதிரி ஆகும்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அரை மணி நேரம். அடகு வைத்த வரி வந்ததும் நிமிர்ந்தாள். “அவ செயினையா வச்ச? என்கிட்ட கேட்டா என்ன?” அப்புறம் கடைசி வரைக்கும் போய்விட்டு, மறுபடி முதலில் இருந்து பார்த்தாள்.

“வாட்ச்மேனுக்குச் சம்பளம் இருக்கு. ரூம் பையனுக்கு இருக்கு. ராத்திரி பகலா அங்கேயே கெடக்கியே, உனக்குச் சம்பளம் எங்கடே?”

நான் அதை யோசிக்கவே இல்லை. அத்தானும் யோசிக்கவில்லை, அவர் முகத்திலேயே தெரிந்தது! அக்காவே முடிவு பண்ணினாள். மாதம் பத்தாயிரம் எனக்கு மேனேஜர் சம்பளம், அது செலவுக் கணக்கில். எடுத்த 38,000-ல் அதைக் கழித்துக்கொண்டு மிச்சம் என் பங்கில் பிடித்துக்கொள்வது. பங்கை மாதாமாதம் பிரிக்காமல், வருஷக் கடைசியில் பிரிப்பது. இந்தக் கடைசி யோசனை அண்ணாச்சியுடையது. “ஜூலை லாபத்தை ஜூலையிலேயே பிரிச்சீங்கன்னா, பிப்ரவரியில யார் கரண்ட் பில் கட்டுவா?” என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது போலவே 2019 பிப்ரவரியில் வருமானம் 31,000, செலவு 58,000. மார்ச் 31-ல் முடித்தபோது, என் சம்பளம் போக லாபம் 2,36,000. ஆளுக்கு 1,18,000. அக்காவுக்கு செக் அனுப்பினேன். செயினைத் திருப்பினேன்.

அடுத்து வந்ததுதான் கொரோனா. 2020, 2021 என்று ரெண்டு சீசனிலும் அருவிக்கரைப் பக்கமே யாரையும் விடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. ரெண்டு வருஷ நோட்டு கையில் இருந்ததால், கதவைச் சாத்தி வைத்தாலும் மாதம் எவ்வளவு போகும், இருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று ஏப்ரலிலேயே போட்டுப் பார்த்துவிட்டோம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது. தள்ளலாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நோட்டு சொன்னது. வட்டியை மட்டும் விடாமல் கட்டி வந்தோம். அதற்கு ரெண்டு மாதம் பணம் அனுப்பியது அக்கா. நோட்டில் ‘அக்கா கடன்’ என்று ஒரு தலைப்பு. வீட்டுக்குள்ளே ஆயிரம் பாசம் இருக்கலாம், தலைப்பு தனியாகத்தான்!

வரி விஷயத்திலும் நோட்டுதான் துணை. ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வாடகை வாங்கும் ரூம்களுக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் வந்தது, 12 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து அதை 5 ஆக்கினார்கள். எங்களைப் போல வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தாண்டவில்லை என்று எதைக் காட்டிச் சொல்வது?

இப்போது பாதிப் பேர் ரொக்கமே தருவதில்லை. ஸ்கேன் பண்ணிவிட்டு ‘டொய்ங்’ சத்தம் கேட்டதும் போய்விடுகிறார்கள். முதலில் என் சொந்த அக்கவுண்டிலேயே ஸ்கேனர் வைத்திருந்தேன். ரூம் வாடகையும், மச்சினன் திருப்பித் தந்த கைமாற்றும் ஒரே குளத்தில் விழுந்து, எது கெண்டை எது கெளுத்தி என்று தெரியாமல் போயிற்று. லாட்ஜ் பேரில் தனி அக்கவுண்ட் திறந்தேன். நவீன வேட்டி மடி! வாரத்துக்கு ஒரு முறை பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்து விடுகிறேன். மாத முடிவில் ஒரு பக்கக் கணக்கை 5-ம் தேதிக்குள் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும். 6-ம் தேதி ஆனால் போன் வந்துவிடும்.

போன மாதம் 5-ம் தேதியே வந்தது. அனுப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“ஏடே, பிளம்பர் 850-ஐ ரெண்டு தடவை எழுதியிருக்க. 9-ம் தேதி ஒண்ணு, 11-ம் தேதி ஒண்ணு.”

பார்த்தேன். வாஸ்தவம்தான். அசடு வழிந்தேன்.

“சரி சரி, திருத்திக்கோ. அப்புறம்... அந்த நீள நோட்டுல ஒண்ணு எனக்கும் வாங்கி அனுப்பு.”

“எதுக்குக்கா?”

“உங்க அத்தான் ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆச்சு. பென்ஷன் எங்க போகுதுன்னே தெரியலை. கேட்டா ‘செலவாகிடுச்சு’ங்காரு!”